சப்ஸ்டிட்யூஷன் பீரியடுக்கு ஒரு பை சிலேட்டு: எதை வாங்கலாம், எதை விடலாம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்னொருவர் வகுப்பில் போய் நிற்கிற வேலை உங்களுக்கு அடிக்கடி வருகிறது என்றால், கைக்காசு போட்டு வாங்க வேண்டிய பொருள் சிலேட்டு. அதிலும் பிளாஸ்டிக் சிலேட்டு. கல் சிலேட்டு ஆசைக்கு வீட்டில் ஒன்று இருக்கட்டும். வெள்ளைப் பலகையும் மார்க்கரும் பள்ளிக்கூடம் செலவைக் கொடுத்தால் மட்டும். பொத்தானை அழுத்தினால் அழிகிற எல்.சி.டி. பலகையை யார் பிறந்தநாளுக்காவது பரிசாகக் கொடுங்கள், வகுப்புக்குள் கொண்டுபோகாதீர்கள். அவசரக்காரர்கள் இத்தோடு கடைக்குக் கிளம்பலாம். ஏன் என்று கேட்பவர்கள் உட்காருங்கள்.

நான் கணக்கு டீச்சர். விருதுநகர் மாவட்டம். மெட்ரிக் பள்ளிகளில் பேறுகால விடுப்பில் போகிறவர்களுக்குப் பதிலாகக் கொஞ்ச காலம், பள்ளி மேலாண்மைக் குழு வழியாக அரசுப் பள்ளியில் தற்காலிகமாகக் கொஞ்ச காலம் என்று, உட்கார்ந்ததெல்லாம் அடுத்தவர் நாற்காலியில்தான். 2022-இல் அரசுப் பள்ளிகளுக்குத் தற்காலிக ஆசிரியர்கள் எடுத்தபோது பட்டதாரி ஆசிரியருக்கு மாதம் 10,000 ரூபாய் என்று வைத்தார்கள். அந்தச் சம்பளத்தில் வகுப்புக்கென்று ஒரு பொருள் வாங்குகிறவள் விலை பார்த்துத்தான் வாங்குவாள். அதனால் இதில் ரூபாய்க் கணக்கு அடிக்கடி வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சப்ஸ்டிட்யூஷன் பீரியட் என்றால் என்ன என்று இந்த வேலையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலைப் பிரார்த்தனை முடிந்ததும் ஆபீஸ் அக்கா நோட்டோடு வருவார். கையெழுத்துப் போட்டால் ஏழாம் வகுப்பு 'பி'யின் ஐந்தாவது பீரியட் நம் தலையில். சாப்பாடு முடிந்து வருகிற பீரியட். வராண்டாவில் போகும்போதே சத்தம் கேட்கும். உள்ளே கால் வைத்ததும், "மிஸ், சார் லீவா மிஸ்? பி.டி. விடுங்க மிஸ்!" லீடர் பலகையில் 'பேசியவர்கள்' என்று தலைப்புப் போட்டுப் பதினைந்து பேரை எழுதியிருப்பான். சில பெயர்களுக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி, ரொம்பப் பேசியவர்களுக்கு இரண்டு. பாடம் எங்கே நிற்கிறது என்று கேட்டால் ஆளுக்கொரு பக்கத்தைக் காட்டுவார்கள். அடிக்கக் கூடாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது, சட்டம் இல்லாவிட்டாலும் எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. கத்தலாம், ஆனால் தொண்டை நம்முடையது.

இதில் பெரிய தலைவலி சத்தம் இல்லை, பெயர் தெரியாததுதான். சொந்த வகுப்பு டீச்சர் "முத்துலட்சுமி" என்று ஒரு சொல் சொன்னால் அந்தப் பெண் நிமிர்வாள். நான் "ஏய், மூணாவது பெஞ்சு, ஓரத்துல, உன்னத்தான்" என்று ஆரம்பித்தால் மூன்று பேர் திரும்பிப் பார்த்து "நானா மிஸ்?" என்பார்கள். கேட்க வந்தது அதற்குள் போய்விடும்.

சிலேட்டு என்னிடம் வந்தது இதற்காகத்தான். கொடுத்ததும் முதல் வேலை, இடது பக்க மேல் மூலையில் பெயரைச் சின்னதாக எழுத வேண்டும். அதை அழிக்கக் கூடாது, பீரியட் முடியும்வரை இருக்க வேண்டும். அவ்வளவுதான், நாற்பது பேருக்கும் பெயர்ப்பலகை வந்துவிடுகிறது. வேண்டுமென்றே பெயரை மாற்றி எழுதுகிற ஆள் எல்லா வகுப்பிலும் உண்டு. ஒருத்தன் 'தோனி' என்று எழுதினான். பக்கத்துப் பெஞ்செல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. நான் முகத்தில் ஒன்றும் காட்டாமல் பீரியட் முழுக்க, "தோனி, நீங்க என்ன விடை போட்டீங்க? தோனி, கடன் வாங்குனத மறந்துட்டீங்களே" என்று மரியாதையாகவே கூப்பிட்டேன். அடுத்த முறை போனபோது சொந்தப் பெயர் இருந்தது, அதுவும் இனிஷியலோடு.

இனி வகை வகையாகப் பார்ப்போம்.

கல் சிலேட்டிலிருந்து தொடங்குகிறேன், அதன்மேல்தான் எனக்குப் பாசம். ஆந்திராவின் மார்க்காபுரம் பக்கம் வெட்டியெடுக்கிற கல்லில் செய்து மரச்சட்டம் போட்டு வரும். எழுதும்போது விரலுக்குக் கிடைக்கிற பிடிமானம் வேறு எதிலும் கிடையாது, கை தானாக நின்று நிதானமாக எழுதும். எங்கள் ஆச்சி கோவை இலையைக் கசக்கித் தேய்த்துத்தான் சிலேட்டைக் கழுவித் தருவார்கள், காய்ந்ததும் புதுக் கறுப்பு வந்துவிடும். வகுப்புக்கு ஆகுமா என்றால் ஆகாது. நாற்பது கல் சிலேட்டை ஸ்கூட்டியில் வைத்துப் பாருங்கள், முன் சக்கரம் தூக்கும். கீழே விழுந்தால் விரிசல், விரிசல் விட்டால் கூர் விளிம்பு. ஒன்று உடைந்தால் "யார் தள்ளிவிட்டது" என்ற விசாரணையிலேயே பீரியட் முடிந்துவிடும். இப்போது கடைகளில் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது, விலையும் பிளாஸ்டிக்கைப் போல இரண்டு மடங்கு சொல்கிறார்கள்.

கல் சிலேட்டோடு வருகிற கல் பல்பத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதை நான் வகுப்பில் கொடுப்பதே இல்லை. ஒரு காரணம், தின்பார்கள். மண், சாம்பல், பல்பம் என்று தின்னத் தோன்றுவது பல பிள்ளைகளுக்கு இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம். கடித்த பல்பத்தோடு ஒரு பிள்ளையைப் பார்த்தால் திட்டாமல் வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவேன், பள்ளியில் தருகிற வாராந்திர இரும்புச்சத்து மாத்திரையை அந்தப் பிள்ளை முழுங்குகிறதா, ஜன்னல் வழியாகப் போடுகிறதா என்று அவர்தான் பார்க்க முடியும். இன்னொரு காரணம் பிள்ளைகளைப் பற்றியது இல்லை. மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌர் வட்டாரத்தில் கல் பல்பம் அறுக்கிறவர்களுக்கு அந்தத் தூசியால் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் வந்து, இளம் வயதிலேயே பலர் செத்திருக்கிறார்கள். பல்பத் தொழிலாளர்களுக்கென்று அந்த மாநிலம் 1982-இல் தனியாக நல நிதிச் சட்டமே போட வேண்டியிருந்தது. அதைப் படித்த பிறகு எனக்கு அந்தக் குச்சியைக் கையில் எடுக்க மனம் வரவில்லை. மெல்லிசாக, பென்சில் கனத்தில் வருகிற சாக்பீஸ் குச்சி இருக்கிறது. பெட்டி பெட்டியாகக் கிடைக்கும், எழுத்து வெள்ளையாகத் தெரியும், கீச்சென்று பல் கூசுகிற சத்தமும் இல்லை. தூசி இதிலும் உண்டு, அதனால்தான் ஈரத்துணி. அதைப் பிறகு சொல்கிறேன்.

தகர சிலேட்டு விளிம்பு கையைக் கிழிக்கும். அட்டை சிலேட்டு தண்ணீர் பட்ட அன்றே உப்பிவிடும். இரண்டுக்கும் இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

வெள்ளைப் பலகை பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. தனியார் பள்ளி ஒன்றில் வைத்திருந்தார்கள், பிள்ளைகளுக்கும் ரொம்பப் பிடிக்கும். ஆனால் நாற்பது மார்க்கர் என்றால் ஒன்று இருபது ரூபாய் வைத்தாலும் 800 ரூபாய். மூடியைத் திறந்து வைத்துவிட்டுப் போனால் காய்ந்துபோகும், யார் மூடுகிறார்கள்? எழுதியதை அப்படியே விட்டு மறுநாள் துடைத்தால் நிழல் மாதிரி எழுத்து நிற்கும். வெள்ளைச் சட்டையில் மை பட்டால் அம்மா மறுநாள் கேட்டுக்கு வந்துவிடுவார், அவரிடம் பதில் சொல்ல நான் அந்தப் பள்ளியில் இருக்கவும் மாட்டேன்.

எல்.சி.டி. பலகை. இதற்கு விளம்பரம் அதிகம், ஆசைப்பட்டு வாங்குகிற டீச்சர்களும் அதிகம். எட்டரை அங்குலம், பொத்தான் பேட்டரி, தூசி கிடையாது, ஈரத்துணி வேண்டாம். எல்லாம் சரி. ஆனால் ஒரு பொத்தானில் எல்லாமே அழியும். கழித்தலில் ஓர் இலக்கத்தைத் திருத்த வேண்டுமென்றால் முழுக் கணக்கையும் அழித்துவிட்டுத் திரும்ப எழுத வேண்டும். தூக்கிக் காட்டச் சொன்னால், மெல்லிய பச்சைக் கோடு முன் பெஞ்சுக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாது. ஜன்னல் வெளிச்சம் பட்டால் வெறும் கண்ணாடி. எல்லாவற்றுக்கும் மேலே, விடை தெரியாதவனுக்கு அது வரப்பிரசாதம். "எழுதிட்டேன் மிஸ், கை பட்டு அழிஞ்சிருச்சு." இதற்கு எந்த டீச்சராலும் மறுபேச்சுப் பேச முடியாது. வீட்டில் ஒற்றைப் பிள்ளை கிறுக்கி விளையாட நல்ல பொருள். வகுப்புக்கு என்றால் ஐந்துக்கு ஒரு மதிப்பெண்தான் கொடுப்பேன்.

பிளாஸ்டிக் சிலேட்டுக்கு வருவோம். மதுரையில் மாசி வீதிப் பக்கம் ஒரு மொத்தக் கடையில் வாங்கினேன். "நாப்பது எதுக்கு டீச்சர், பால்வாடி ஆரம்பிக்கிறீங்களா?" என்று கேட்டுக்கொண்டே அண்ணாச்சி ஒன்று 38 ரூபாய்க்குக் கொடுத்தார். மொத்தம் 1,520. சாக்பீஸ் குச்சிப் பெட்டிகளும் சேர்த்து 1,700-க்குள் முடிந்தது. சில்லறையில் ஒன்றிரண்டாக வாங்கினால் கடைக்குக் கடை விலை ஏறும். ஒரு பக்கம் கட்டம், மறுபக்கம் கோடு போட்டதாகக் கேட்டு வாங்குங்கள். கட்டம் கணக்குக்கு, ஒன்றின் கீழ் பத்து வந்து உட்காராமல் இடமதிப்பு நேராக நிற்கும். கோடு தமிழுக்கு.

குறைகளையும் சொல்கிறேன். புதிதில் வழவழவென்று இருக்கும், சாக்பீஸ் ஓடாது. நான் சாம்பலும் தேங்காய் நாரும் வைத்து ஒவ்வொன்றாகத் தேய்த்தேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதற்கே போனது. பிறகு நன்றாகப் பிடித்தது. வெயிலில் நிற்கிற வண்டிப் பெட்டிக்குள் வைத்தால் வளையும், வளைந்தது திரும்ப நிமிராது. சட்டத்தின் மூலைகள் கழன்று வரும், ஃபெவிக்விக் சில மாதம் தாங்கும். இதையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொண்டும் ஐந்துக்கு நாலு.

பொருள் சரி, அதை வைத்து வகுப்பை எப்படி நடத்துவது என்பதுதான் விஷயம். சிலேட்டைக் கொடுத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நின்றால் நாற்பது மேளம் கேட்கும். கொடுப்பதற்கு முன்பே மூன்று சொல்லைப் பழக்கிவிடுவேன். எழுது. மூடு. காட்டு. எழுதியதும் சிலேட்டை நெஞ்சோடு சேர்த்து மூடிக்கொள்ள வேண்டும், பக்கத்தில் இருப்பவன் பார்க்கக் கூடாது. நான் 'காட்டு' சொன்னால்தான் தலைக்கு மேல் தூக்க வேண்டும். முதலில் சிலேட்டே இல்லாமல், கையை மட்டும் வைத்து இரண்டு முறை செய்து பார்ப்போம். சிரிப்பார்கள். சிரித்தபடியே பழகிவிடும்.

இந்த 'மூடு' இருக்கிறதே, அதில்தான் எல்லாம் இருக்கிறது. கேள்வி கேட்டவுடன் முன் பெஞ்சில் நாலு பேர் "மிஸ் மிஸ்" என்று கை தூக்குவதும், மற்ற முப்பத்தாறு பேர் 'நமக்கில்லை' என்று சாய்ந்துகொள்வதும் நமக்குத் தெரிந்ததுதான். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து கேட்டிருக்கிறார். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் காத்திருப்பது சராசரியாக ஒரு வினாடிதான், அதை மூன்று வினாடியாக்கினாலே பிள்ளைகளின் பதில் நீண்டது, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள் என்று கண்டார். பி.எட். படிக்கும்போது இதைப் பரீட்சைக்கு எழுதியவள்தான் நானும். புது வகுப்பின் முன்னால், அமைதியாக மூன்று வினாடி நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று நின்றால்தான் தெரியும். சிலேட்டு இருந்தால் நான் ஒன்றும் செய்ய வேண்டாம். எழுதி முடிக்கிற நேரமே காத்திருக்கிற நேரம், கை வேலையாக இருப்பதால் வாயும் கொஞ்சம் ஓய்கிறது.

'காட்டு' சொன்னதும் நாற்பது விடையும் ஒரே பார்வையில். அரை கூட்டல் மூன்றில் ஒன்று என்று கேட்டேன் ஒரு ஏழாம் வகுப்பில். பாதிக்கு மேல் சிலேட்டுகளில் 2/5. மேலே மேலே கூட்டி, கீழே கீழே கூட்டி. ஒவ்வொருவராகக் கேட்டிருந்தால் சரியாகச் சொல்லும் இரண்டு பேர் பதிலைக் கேட்டுவிட்டு 'வகுப்புக்குப் புரிந்திருக்கிறது' என்று போயிருப்பேன். அன்று வேறு எதுவும் எடுக்கவில்லை. "அரைத் தோசை சாப்பிட்டேன், அப்புறம் இன்னும் கொஞ்சம் சாப்பிட்டேன், மொத்தத்துல அரையவிடக் குறைஞ்சிருச்சா?" என்று கேட்டேன். 2/5 அரையைவிடச் சின்னது என்று ஒரு பெண் சிலேட்டில் படம் போட்டே காட்டிவிட்டாள். லீவு முடிந்து வரும் சாருக்கு அவர் மேஜையில் ஒரு துண்டுச் சீட்டு வைத்தேன்: பின்னக் கூட்டல் திரும்பப் பார்க்கவும், யார் யார் என்று கீழே பெயர்கள். மூலையில்தான் எழுதியிருந்ததே, குறித்துக்கொள்ள ஒரு நிமிடம் ஆகவில்லை.

துடைப்பது பெரிய பிரச்சினை. எச்சில் தொட்டு அழிப்பது நம் பிள்ளைகளுக்குப் பரம்பரைச் சொத்து, யாரும் சொல்லித்தர வேண்டாம். பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து உள்ளங்கை அகலத் துண்டுகளாக்கி வைத்திருக்கிறேன். முன் பெஞ்சில் ஒரு கிண்ணம் தண்ணீர், வரிசைக்கு ஒரு ஆள் நனைத்துப் பிழிந்து பின்னால் கடத்துவார். நனைத்துக் கடத்துகிற வேலையை அதிகமாகப் பேசுகிற பிள்ளையிடம் கொடுங்கள், காரணம் சொல்ல மாட்டேன், செய்து பாருங்கள்.

வரிசைக்கு ஒருவர் என்றதும் நினைவுக்கு வருகிறது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வெளியே போனால் சட்டாம்பிள்ளைதான் பாடம் நடத்துவான். நம் ஊர்ச் சப்ஸ்டிட்யூஷன் அவனிடமிருந்துதான் தொடங்கியிருக்க வேண்டும். ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் சென்னை எழும்பூரில் ஆண் பிள்ளைகளுக்கான அனாதை இல்லத்தைப் பார்த்துக்கொண்டபோது, நம் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்து அங்கேயும் அதைச் செய்தார். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லித்தருகிற முறையையும் சேர்த்து 1797-இல் லண்டனில் புத்தகமாகப் போட, அது 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. நான் செய்வதும் கிட்டத்தட்ட அதுதான். முதலில் சரியாக முடித்த பிள்ளை அந்த வரிசைக்குச் சட்டாம்பிள்ளை, மற்றவர்களுடையதைத் திருத்தும். ஒரே நிபந்தனை, விடையைச் சொல்லக் கூடாது, தப்பு நடந்த இடத்தில் விரலை மட்டும் வைக்க வேண்டும்.

என்ன விளையாட்டுகள் எடுபடுகின்றன என்று கேட்பீர்கள். எனக்கு ஒரு முறைகூடக் கைவிடாதது 6174. நாலு இலக்க எண் ஒன்றை எழுதச் சொல்லுங்கள், நாலும் ஒரே இலக்கமாக இருக்கக் கூடாது. பிறந்த ஆண்டையே எழுதட்டும். 2012 என்று வைத்துக்கொள்வோம். இலக்கங்களைப் பெரியதிலிருந்து அடுக்கினால் 2210, சின்னதிலிருந்து அடுக்கினால் 0122. கழித்தால் 2088. திரும்ப அடுக்கு: 8820-இலிருந்து 0288 போனால் 8532. திரும்ப: 8532-இலிருந்து 2358 போனால் 6174. இன்னொரு முறை செய்தால் மறுபடியும் 6174-தான். 2011-இல் பிறந்த பிள்ளைக்கு ஒரு படி கூடும், நாலாவது கழித்தலில் அங்கேயே வந்து நிற்கும். எந்த எண்ணை எடுத்தாலும் ஏழு படிக்குள் வந்துவிடும். கண்டுபிடித்தவர் பெரிய பல்கலைக்கழகப் பேராசிரியர் இல்லை. நாசிக் பக்கம் தேவ்லாலியில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த கப்ரேகர். 1949-இல் அவர் இதை அறிவித்தது நம் சென்னையில் நடந்த கணித மாநாட்டில். அதைச் சொன்னதும் ஒரு பையன், "அவரும் சப்ஸ்டிட்யூஷன் பீரியட்லதான் கண்டுபிடிச்சாரா மிஸ்?" என்றான்.

இதன் ரகசியம் என்னவென்றால், கடன் வாங்கிக் கழித்தல் கணக்கு இருபது கொடுத்தால் முகம் சுளிக்கிற அதே பிள்ளை, 6174 வரவில்லையென்றால் 'எங்கேயோ தப்புப் பண்ணிட்டேன்' என்று தானே தேடும். விடைத்தாள் எனக்குத் தேவையில்லை, எண்ணே திருத்திவிடுகிறது. வந்துவிட்டவர்கள் வீட்டு வண்டி நம்பரைப் போடுவார்கள், அப்பா போனின் கடைசி நாலு எண்ணைப் போடுவார்கள். மணி அடித்தது தெரியாது.

ஐந்து, ஆறாம் வகுப்பென்றால் பகடை. சிலேட்டில் நாலு கட்டம் போட்டுக்கொள்ள வேண்டும். நான் பகடையை உருட்டி எண்ணைச் சொல்வேன், உடனே ஏதாவது ஒரு கட்டத்தில் எழுத வேண்டும், பிறகு மாற்றக் கூடாது. நாலு முறை உருட்டியதும் யார் எண் பெரியதோ அவர் ஜெயித்தார். முதலில் 4 விழுந்தால் ஆயிரத்தில் வைப்பதா, நூறில் வைப்பதா என்று அந்தச் சின்ன முகங்களில் ஓடுகிற கணக்கைப் பார்க்க வேண்டும். தமிழ் பீரியடில் சொல்லியெழுதுதல்: மனம் மணம், அரம் அறம், பரவை பறவை. இரண்டு சொல்லும் வருகிற மாதிரி ஒரு வாக்கியம் சொல்வேன். எட்டாம் வகுப்புக்கு முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்து, ஒருவர் வாயால் சொல்ல மற்றவர் வரைகிற விளையாட்டு. "சாய்ஞ்ச பெட்டி மாதிரி" என்று ஆரம்பிப்பவர்கள் ரெண்டாவது ஆட்டத்தில் 'இணைகரம்' என்று சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள், சொன்னால்தான் எதிராளிக்குப் புரிகிறது. பெயர்-ஊர்-விலங்கு-பொருள் எல்லா வகுப்புக்கும் ஓடும், ஆனால் சத்தம் கூடும், பக்கத்து வகுப்பில் பரீட்சை இல்லாத நாளாகப் பாருங்கள்.

ஒன்று முதல் மூன்று வரை உள்ள வகுப்புக்கு அனுப்பினால் நான் புதிதாக ஒன்றும் செய்வதில்லை. தமிழக அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலை பிரித்துத்தான் அந்த டீச்சர் நடத்துகிறார், நடுவில் நான் புகுந்து கலைக்கக் கூடாது. அரும்பு என்கிற தொடக்க நிலைப் பிள்ளைகளுக்குச் சிலேட்டில் எழுத்தைப் பெரிதாகப் போட்டுக் கொடுத்து மேலேயே எழுதச் சொல்வேன், மற்றவர்களுக்குப் படம்.

எங்கே எடுபடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒன்பதாம் வகுப்புக்கு மேல் சிலேட்டைப் பார்த்தாலே மானப் பிரச்சினை. மீசை முளைக்கிற பையன் கையில் சிலேட்டைக் கொடுத்தால் அவன் அதை விசிறியாகத்தான் பயன்படுத்துவான். பத்தாம் வகுப்புக்கு ஒரு மதிப்பெண் வினாக்கள், அதுதான் அவர்கள் கேட்பதும். அறுபது பேர் இருக்கிற வகுப்பிலும் கஷ்டம், கடைசிப் பெஞ்சு எழுதியது தெரியாது, இருவருக்கு ஒன்று என்று கொடுத்தால் ஒருவர் எழுத ஒருவர் வேடிக்கை பார்ப்பார். தூசி ஒத்துக்கொள்ளாத, இளைப்பு உள்ள பிள்ளை இருந்தால் அந்தப் பிள்ளைக்கு நோட்டும் பென்சிலும் கொடுங்கள், முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. ஒரு பள்ளியில் ஹெச்.எம். ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "புத்தகத்த எடுக்கச் சொல்லுங்க டீச்சர், பேரண்ட்ஸ் பார்த்தா என்ன நினைப்பாங்க" என்றார். சரி சார் என்று சொல்லிப் புத்தகத்தை மேஜையில் திறந்து வைக்கச் சொன்னேன். கணக்கு அதிலிருந்தே எடுத்தேன், சிலேட்டிலேயே போட்டோம். அவர் திரும்ப வரவில்லை.

வருடம் ஓடியதில் ஏழெட்டுச் சிலேட்டு உடைந்தது, ஒன்றிரண்டு காணாமல் போனது. எண்ணித் திரும்ப வாங்குவது உங்கள் வேலையாக இருக்கக் கூடாது, பின்பக்கம் பெயிண்டால் 1 முதல் 40 வரை எண் போட்டுவிடுங்கள். வரிசையாக அடுக்கச் சொன்னால் எது இல்லை என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

கடையில் நிற்கும்போது மூன்றைப் பாருங்கள். நாலு மூலையையும் விரலால் அழுத்தி ஆடுகிறதா என்று பாருங்கள். கட்டங்கள் அச்சடித்தவையா, பதித்தவையா என்று நகத்தால் கீறிப் பாருங்கள், அச்சடித்தது ஒரு மாதத்தில் ஈரத்துணியோடு போய்விடும். மேலே கம்பியில் வண்ண மணி கோத்ததைக் காட்டி, "ரெண்டு ரூபாதான் டீச்சர் கூட, எண்ணிப் படிக்க வசதி" என்று அண்ணாச்சி சொல்வார். நாற்பது பிள்ளைகள் சேர்ந்து மணி உருட்டுகிற சத்தத்தை அவர் கேட்டதில்லை, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.